பள்ளியை விட்ட பிள்ளையைச் சங்கமும் விடலாமா?

தோட்டத்தில் ஒரு பையன் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டான் என்றால் அது யாருக்கும் செய்தியாகப் படுவதில்லை. நாலு நாள் அடைமழை பெய்து மரம் வெட்டு நின்றால் லயமெல்லாம் அதே பேச்சாக இருக்கிறது. சம்பளச் சீட்டில் பத்து வெள்ளி குறைந்திருந்தால் மறுநாள் பெரட்டுக் களத்திலேயே கேள்வி கிளம்பிவிடுகிறது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று சீருடையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, டீக்கடையிலும் மோட்டார் சைக்கிள் பட்டறையிலும் பொழுதைக் கழிக்கிறது என்றால், "அவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்ற மூன்று வார்த்தைகளோடு அந்தப் பிள்ளையின் கணக்கை முடித்துவிடுகிறோம்.

தாய் சொல்கிறாள், தகப்பன் சொல்கிறார், வாத்தியார் சொல்கிறார், நாமும் சொல்கிறோம். நாளடைவில் அந்தப் பிள்ளையே தன்னைப் பற்றி அப்படிச் சொல்லத் தொடங்கிவிடுகிறது. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேடு.

நாம் இங்கே சொல்ல வந்தது ஒன்றே. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்கு மறுபடியும் படிக்க வழி செய்வது அரசாங்கத்தின் கடமையும் பெற்றோரின் கடமையும் மட்டுமன்று, தொழிற்சங்கத்தின் கடமையுமாகும். சம்பளத்துக்கும் போனசுக்கும் வீட்டுக்கும் வாதாடுவது போலவே இதற்கும் சங்கம் வாதாட வேண்டும். தன்னால் ஆனதைத் தானே செய்யவும் வேண்டும்.

யார் குற்றம்?

நம் பிள்ளைகள் பாதியில் நிற்பது நேற்று இன்று ஏற்பட்ட வழக்கமன்று. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி வந்தது, ஆனால் அது தொடக்க வகுப்புகளோடு நின்றது. அதற்கு மேல் தமிழில் படிக்க இடமில்லை. வகுப்பு முடிந்த பிள்ளை வெளிக்காட்டு வேலைக்கோ பால் வாளி தூக்கவோ போயிற்று. அந்தக் காலத்தில் பிள்ளை படிப்பை விடவில்லை. படிப்புத்தான் பிள்ளையை விட்டது.

நாடு விடுதலை பெற்ற 1957-ல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பார்கள். ஆறாம் வகுப்பு முடிந்ததும் ஒரு தேர்வு நின்று வடிகட்டியது. அந்தத் தேர்வு 1964-ல் எடுக்கப்பட்டு, 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் இடைநிலைப்பள்ளிக்குள் நுழைய முடிந்தது. ஆனால் வடிகட்டி மூன்றாம் படிவத்துக்கு நகர்ந்தது. அங்கே தேறாதவர்கள் வெளியே வந்தார்கள். அது பல பெயர்களில் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

இன்று நிலைமை வேறு. தொடக்கப்பள்ளி முடிவில் நடந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-லும், மூன்றாம் படிவத்தில் நடந்த பி.டி.3 தேர்வு 2022-லும் நீக்கப்பட்டன. எஸ்.பி.எம். வரையில் பிள்ளையை நிறுத்தும் பெரிய தேர்வு எதுவும் இல்லை. இது நல்லதுதான். ஆனால் இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. முன்பு தேர்வில் விழுந்த பிள்ளை யாரென்று ஊருக்கே தெரியும். இப்போது பிள்ளை எதிலும் தோற்காமலே, சரியாக வாசிக்கவும் தெரியாமலே, ஆண்டுக்கு ஒரு படிவம் ஏறிக்கொண்டு போகிறது. ஒரு நாள் பஸ் ஏறவில்லை. பிறகு ஒரு வாரம் ஏறவில்லை. அப்புறம் ஏறவே இல்லை. எந்தத் தேதியில் அந்தப் பிள்ளை பள்ளியை விட்டது என்று அதன் தாயாலும் சொல்ல முடியாது. எஸ்.பி.எம். தேர்வுக்குப் பெயர் பதிந்துவிட்டு அறைக்கே வராதவர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

தொடக்கக் கல்வி 2003-ஆம் ஆண்டு முதல் கட்டாயம். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தம் 2025-ல் மக்களவையில் நிறைவேறியது. நாம் இதை வரவேற்கிறோம். ஆனால் சட்டம் தகப்பனைக் கோர்ட்டுக்கு அழைக்குமேயன்றி, தோட்டத்துக்கு உள்ளே ஆறு மைல் பஸ்ஸை அழைத்து வராது. ஆறாண்டு தமிழில் படித்த பிள்ளை, எல்லாப் பாடத்தையும் மலாயில் கேட்டுத் திகைத்து நிற்கும்போது சட்டம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்காது. தோட்டம் விற்கப்பட்டு, மரம் சாய்க்கப்பட்டு, வீட்டைக் காலி செய் என்று நோட்டீஸ் வந்து, ஆண்டின் நடுவில் வேறு ஊருக்கு மூட்டை கட்டிய குடும்பங்கள் எத்தனை! அந்தப் பிள்ளைகளின் படிப்பு எந்த லாரியில் ஏறியது, எங்கே விழுந்தது என்று யார் பார்த்தார்கள்?

இன்னொன்றும் உண்டு. சட்டம் இனி பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு. ஏற்கெனவே வெளியே வந்து பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு வயதாகிவிட்டவர்களை எந்தக் கட்டாயச் சட்டமும் திரும்ப அழைக்கப் போவதில்லை. அவர்களைப் பற்றித்தான் நம் கவலை.

நாம் செய்த தவறு

பிறரைக் குறை சொல்லும் முன் நம் குறையைச் சொல்லிவிடுவது முறை.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பு, நாம் கிராணி வேலை பார்த்த தோட்டத்தில் ஒரு பையன் இருந்தான். தாயார் பால்மரம் வெட்டுபவர், தகப்பனார் இல்லை. இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். வேலை ஒன்றும் இல்லாத நேரங்களில் தண்ணீர் பம்பு ஓடும் கொட்டகையே கதியென்று கிடப்பான். மோட்டார் நின்றுவிட்டால் பட்டணத்திலிருந்து ஆள் வருமுன் அவன் கை வைத்து ஓட்டிவிடுவான். பதினேழு வயது இருக்கும்போது ஒரு நாள் ஆபீஸ் ஜன்னல் ஓரம் வந்து நின்றான்.

"அண்ணே, கரண்டு வேலை படிக்க எங்கேயாச்சும் சேர்த்துக்குவாங்களாண்ணே?"

அன்று சம்பள நாளுக்கு முந்தின நாள். செக்ரோலில் கணக்கு இடித்துக்கொண்டிருந்தது. தலையைத் தூக்காமலே சொன்னோம்:

"எஸ்.பி.எம். இல்லாம எவன் தம்பி சேர்த்துக்குவான்?"

அவன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். தோட்டத்தில் படித்தவர் என்று பெயர் எடுத்தவர் கிராணி. கிராணியே இல்லை என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரிடம் போய்க் கேட்பான்? சில மாதங்களில் லாரிக்கு ஆள் வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டோம்.

பிறகு ஓராண்டு கழித்துத்தான், சங்க வகுப்பு ஒன்றில், நாம் சொன்னது முழுத் தவறு என்று தெரிந்துகொண்டோம். மலேசியத் திறன் சான்றிதழின் முதல் நிலைக்கு எஸ்.பி.எம். வேண்டியதில்லை. மலாயோ ஆங்கிலமோ பேசவும் எழுதவும் தெரிந்தால் போதும். அந்தப் பையனுக்கு இரண்டும் தெரியும். கதவு திறந்தே இருந்தது. அது பூட்டியிருக்கிறது என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்பியவர்கள் நாம்.

சென்ற ஆண்டு அவனைத் தேடிப் போய்ச் சொன்னோம். இப்போது மனைவியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். "இனிமே என்னாத்துக்குண்ணே?" என்று சிரித்தான். நாம் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பும்போது வாசல் வரை வந்து, "எத்தனை மாசம்ணே அந்தப் படிப்பு?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் இதை எழுதத் துணிந்தோம்.

என்னென்ன வழிகள் உண்டு?

வழியே இல்லை என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் நம்மில் அநேகர். ஆகையால் தெரிந்ததை இங்கே வரிசையாகச் சொல்லி வைக்கிறோம். வீட்டில் படித்துக் காட்டுங்கள்.

முதலாவது, மேலே சொன்ன திறன் சான்றிதழ். எஸ்.கே.எம். என்று அழைக்கப்படுவது இதுவே. 2006-ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படுகிறது. மின்சாரம், இரும்பு ஒட்டு, மோட்டார் பழுது, சமையல், தையல் என்று தொழில்கள் பல. ஒன்று, இரண்டு, மூன்று என நிலைகள் ஏறி, அதற்கு மேல் திறன் டிப்ளோமா வரை போகலாம். மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகங்களிலும், அங்கீகாரம் பெற்ற தனியார் நிலையங்களிலும் படிக்கலாம். பணமில்லாதவர் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தில் கடனுக்கு மனுச் செய்யலாம்.

இரண்டாவது, வேலை செய்துகொண்டே படிப்பது. இரட்டைப் பயிற்சி முறை என்று 2005-ல் தொடங்கியது. பயிற்சியில் பெரும்பகுதி வேலையிடத்தில், சிறுபகுதி வகுப்பில். சம்பாத்தியத்தை முற்றாக விட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இது ஏற்றது.

மூன்றாவது, அனுபவத்துக்குச் சான்றிதழ். பட்டறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்துக் கை பழகியவன் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. தான் செய்த வேலைக்கு ஆதாரங்களைச் சேர்த்துக் காட்டி, பரிசோதகர் ஒப்புக்கொண்டால் அதே எஸ்.கே.எம். கிடைக்கும். நம் தோட்டங்களில் டிராக்டர் பழுது பார்ப்போரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நான்காவது, எஸ்.பி.எம். தேர்வையே தனிப்பட்ட முறையில் எழுதுவது. பள்ளியை விட்டவர்கள் தனியார் பரீட்சார்த்தியாகப் பதிந்து எழுதலாம். மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது என்பது விதி. மற்றப் பாடங்களில் தேறியும் இந்த ஒன்றில் தவறியதால் வெறுங்கையோடு நிற்பவர்கள் நம்மில் உண்டு. அவர்கள் அந்தப் பாடத்தை மட்டும் மறுமுறை எழுதலாம். ஒரு பாடத்துக்காக வாழ்நாள் முழுவதும் "எஸ்.பி.எம். இல்லாதவன்" என்ற பெயரைச் சுமக்க வேண்டியதில்லை.

இவை தவிர, நம்மவர்கள் தாமே முன்வந்து நடத்தும் நிலையங்களும் உண்டு. பள்ளியை விட்ட இந்திய இளைஞர்களுக்கென்றே 2011-ல் தொடங்கிய மைஸ்கில்ஸ் அறவாரியம், சிலாங்கூர் களும்பாங்கில் தங்கிப் படிக்கும் வளாகம் ஒன்றை அமைத்தது. தொழிற்சங்கத்தால் இது ஆகுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வோம்: கிள்ளான் துறைமுகத்தில் தொழிலாளர் தொழில்நுட்பக் கழகத்தைத் தொடங்கியது போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம். லாரி ஓட்டுபவர்களும் பஸ் ஓட்டுபவர்களும் சேர்ந்து செய்ததை, பால்மரம் வெட்டுபவர்கள் செய்ய முடியாது என்று யார் சொன்னது?

மறுப்புகளுக்குப் பதில்

"முதல் வாய்ப்பையே மதிக்காதவனுக்கு இரண்டாம் வாய்ப்பு எதற்கு? அந்தப் பணத்தை நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குக் கொடுக்கலாமே" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு உபகாரச் சம்பளம் வேண்டும். அதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் உபகாரச் சம்பளம் தேர்வில் வென்ற பிள்ளையைத் தேடித்தான் போகும். ஒரு வீட்டில் வென்ற பிள்ளைக்கு மாலை போட்டுப் படம் பிடிக்கும்போது, அதே வீட்டில் கதவுக்குப் பின்னால் நிற்கும் மற்றப் பிள்ளை யாருடைய பிள்ளை? அதன் தாயும் சங்கச் சந்தா கட்டியவள்தானே?

மரம் வெட்டும் தோழர்களுக்கு நாம் இதை விளக்க வேண்டியதில்லை. முதல் பட்டை வெட்டி முடிந்ததும் மரம் போயிற்று என்று யாரும் சாய்த்துவிடுவதில்லை. சில ஆண்டுகள் விட்டால் பட்டை மறுபடியும் வளர்கிறது. அதிலும் பால் வருகிறது. கத்தி ஆழமாகப் பாய்ந்து மரத்தில் காயம் பட்டிருந்தால் மட்டுமே வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக இருக்கும். அது வெட்டியவர் குற்றமேயன்றி மரத்தின் குற்றமன்று. மரத்துக்குக் காட்டும் பொறுமையைப் பிள்ளைக்குக் காட்டக் கூடாதா?

"வீட்டில் அரிசி வாங்க வேண்டுமே, படிக்கப் போனால் யார் சம்பாதிப்பது?" என்பது இரண்டாவது கேள்வி. இது நியாயமான கேள்வி. நாம் சொன்ன பையன் இன்று பயிற்சிக்குப் போக முடியாமல் நிற்பதும் இதனாலேதான். 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்த 1,700 வெள்ளி ஒரு மாதம் வராவிட்டால் அவன் வீட்டு வாடகை நிற்கும். ஆகவே படி படி என்று மேடையில் பேசினால் மட்டும் போதாது. சோற்றுக்கும் வழி சொல்லித்தான் படிப்புக்கு அழைக்க வேண்டும். சங்கம் உள்ளே வர வேண்டிய இடம் இதுதான்.

இவ்வளவும் எழுதிவிட்டுப் பார்க்கும்போது, பையன், பையன் என்றே எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம். பெண்பிள்ளைகளும் நிற்கிறார்கள். தாய் காலையில் வெட்டுக்குப் போய்விட, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்ற பெண் டீக்கடையில் உட்காருவதில்லை. அதனால் அவள் படிப்பை விட்டது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாதவர்களையும் சேர்த்தே கணக்கெடுக்க வேண்டும்.

சங்கம் செய்ய வேண்டியவை

ஒன்று: ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு நோட்டுப் புத்தகம் போட வேண்டும். சென்ற ஐந்தாண்டுகளில் பள்ளியை விட்டவர்கள் யார், எந்தப் படிவம் வரை படித்தார்கள், இப்போது என்ன செய்கிறார்கள், பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இருக்கின்றனவா என்று எழுத வேண்டும். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் பலகை வீட்டுக்கும் குடி போனவர்களையும் விடக் கூடாது. இதைக் குற்றப் பட்டியல் போல் சபையில் வாசிக்கவும் கூடாது.

இரண்டு: கிராணித் தோழர்கள் முன்வர வேண்டும். பாரம் நிரப்புவது நமக்கு அன்றாட வேலை. அந்தப் பிள்ளைகளுக்கு அது மலை. பாரத்தை நிரப்பிக் கொடுத்து, முதல் நாள் நிலையம் வரை கூடப் போய் வாருங்கள். நமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, விசாரித்துச் சொல்லுங்கள். "இல்லை" என்ற பதிலை மட்டும் விசாரிக்காமல் சொல்லாதீர்கள்.

மூன்று: இரவு வகுப்பு. வாரம் இரண்டு இரவு. கோயில் மண்டபமோ, மூடிய பழைய பள்ளியோ, ஆயாக் கொட்டகையோ எதுவானாலும் சரி. மலாய் வாசிப்பு, எழுத்து, கணக்கு, இந்த மூன்றும் போதும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் அழைத்தால் வருவார்கள். ஆனால் வரும் பிள்ளையை மறுபடியும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல் நடத்த வேண்டாம். அவமானத்துக்கு அஞ்சி ஒரு முறை ஓடிய பிள்ளை, இரண்டாம் முறை திரும்பாது.

நான்கு: முதலாளிமாரிடம் கேட்க வேண்டியது. மனிதவள மேம்பாட்டு நிதிக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று கட்டும் விதி, 2021 மார்ச் முதல் விவசாயத் துறைக்கும் விரிந்திருக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் மலேசியத் தொழிலாளரை வைத்திருக்கும் நிர்வாகம் அதைக் கட்டுகிறது. தொழிலாளியின் பயிற்சிக்கென்று கட்டும் பணம் அது. பட்டறையில் எடுபிடியாக இருக்கும் இளைஞனுக்கும் அதில் பங்கு உண்டா என்று கூட்டு ஒப்பந்தப் பேச்சில் கேட்க வேண்டும். தேர்வு நாளுக்குச் சம்பளத்தோடு லீவு, வகுப்பு நாளில் ஓவர்டைம் வற்புறுத்தாமை, இவற்றையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட இளையர் பள்ளிக்கும் போகிறவரானால், வேலை நேரமும் பள்ளி நேரமும் சேர்ந்து ஒரு நாளைக்கு எட்டு மணிக்கு மேற்படக் கூடாது என்று 1966-ஆம் ஆண்டு இளையர் வேலைச் சட்டம் சொல்கிறது. வேலை செய்பவன் படிக்கவும் செய்வான் என்று சட்டமே எண்ணியிருக்கும்போது, முதலாளிகள் ஏன் எண்ணக் கூடாது?

ஐந்து: கைச்செலவு. பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் இல்லாமல் நின்றுபோன பயிற்சிகள் அதிகம். தோட்டத் திருவிழாவுக்கு நாம் வீட்டுக்கு வீடு வசூலிக்கிறோம். திருவிழா வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. வசூலாகும் நூறு வெள்ளியில் ஐந்து வெள்ளியை இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி வையுங்கள் என்றே கேட்கிறோம். மாரியம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

தோழர்களே!

பள்ளியை விட்ட பிள்ளை நாளை எங்கே போகிறது? ஒப்பந்தக்காரனிடம் போகிறது. அங்கே சங்கமில்லை, சேமநிதி ஒழுங்காகக் கட்டுவதில்லை, கை முறிந்தால் கேட்க ஆளில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போடுகிறது. நாம் ஒவ்வொரு காசாகப் போராடி உயர்த்திய சம்பளம், நம் பிள்ளைகளுக்கே எட்டாமல் போகிறது. நம் உரிமைகளைப் படித்துப் பார்க்கத் தெரியாத தலைமுறையிடம் அவற்றை ஒப்படைத்தால், அவை எத்தனை நாள் நிற்கும்?

வருகிற கிளைக் கூட்டத்தில் இந்த நோட்டுப் புத்தகத் தீர்மானத்தைக் கொண்டுவரும்படி எல்லாத் தோட்டக் கமிட்டிகளையும் கேட்டுக்கொள்கிறோம். எமது கமிட்டியில் புத்தகம் போட்டாயிற்று. இதுவரை பதினொரு பெயர்கள். ஏழு ஆண், நான்கு பெண். முதல் வரியில், லாரியில் வேலை செய்யும் அந்தப் பையன் பெயரை எழுதியிருக்கிறோம்.